ஆற்றுக்கு முதுகு காட்டிய வாங்குகள்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஓய்வுபெற்ற ஆளுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, யாராவது இறந்திருப்பார்கள். அல்லது ஏதாவது ஒரு கோப்பு காணாமல் போயிருக்கும். இது இரண்டாவது வகை.

பேசியவர் எனக்குப் பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தராக வந்திருக்கும் பெண். துறையடிக்கு மறுபடியும் ஒரு திட்டம் வந்திருக்கிறதாம். சிறு கரையோர நகரங்களின் பொது இடங்களுக்குப் புத்துயிர் கொடுக்கப் போகிறார்களாம். ஏற்கெனவே ஒரு தடவை நாங்கள் கொடுத்த உயிர் எங்கே போயிற்று என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"ஐயா, முதல் திட்டத்தைச் செய்த ஆள் நீங்கதானே. பழைய கோப்பத் தேடிக் காணல்ல. படிவத்தில 'காணியின் தற்போதைய பாவனையாளர்கள்' எண்டு ஒரு வரி இரிக்கி. அதுல நீங்க அப்ப என்ன எழுதின?"

"யோசிச்சிப்போட்டு நாளைக்குச் சொல்றன் மகள்" என்று தொலைபேசியை வைத்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. அந்த வரியில் நான் எழுதியது ஒரேயொரு சொல். நான் சேவையில் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். அவற்றில் எனக்குத் தூக்கத்திலும் நினைவிருப்பது அந்தச் சொல் மட்டும்தான்.

தொழில் பழகிய கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கல்லூரியில் நில அளவையும் கொங்கிறீற்றும் படித்தேன். பிரதேச சபையில் சேர்ந்த முதல் வாரமே தலைமை லிகிதர் அதையெல்லாம் மறக்கச் சொன்னார். கலவை கூடினால் குறைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள், கையெழுத்துக்குக் கீழே திகதி இல்லாவிட்டால்தான் கேட்பார்கள் என்றார். அவர் சொன்னபடியே முப்பது வருடத்துக்கு மேல் நடந்தேன். யாரும் கேட்கத்தான் இல்லை.

எங்கள் ஊர் நீளமான ஒரு மணல்திட்டில் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவி என்பது கோப்பில் எழுதுகிற சொல். வாயால் சொல்லும்போது அது ஆறு. சூரியன் படுகிற அக்கரையான படுவான்கரையைப் பார்த்தபடி, தோணிகள் வந்து அடைகிற இடத்துக்குத் துறையடி என்று பெயர். அங்கே ஒரு பெரிய வாகை மரம் நின்றது. விடியுமுன்னே தோணிகள் வரும். பெண்கள் தோணியோடு மீனை எடுத்து மரத்தடியிலேயே விற்பார்கள். இறால், நண்டு, மணலை, ஒட்டி. காத்தான்குடியிலிருந்து ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் வரும். எட்டு, எட்டரைக்கெல்லாம் எல்லாம் முடிந்து, மிச்சத்தைக் காகம் பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஏனென்றால் அரசாங்க ஆள் ஒருவன் காணி பார்க்கப் போகிற முறை வேறு. எட்டரைக்கு வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு தேநீர். பிறகு வாகனம் கேட்க வேண்டும். வாகனம் இருந்தால் சாரதி இருக்கமாட்டார், சாரதி இருந்தால் டீசல் சிட்டையில் கையெழுத்து இருக்காது. எல்லாம் சேர்ந்து வர, பதினொரு மணி. என் சேவைக்காலத்தில் நான் பார்த்த காணியெல்லாம் பதினொரு மணிக் காணிகள்தான். அந்த வெயிலில் சுடுகாடும் சந்தையும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிந்தன.

துறையடியையும் அப்படித்தான் பார்த்தேன். அளவு நாடா பிடிக்க வரவேண்டிய தொழிலாளி அன்று லீவு. மரத்தடியில் நின்ற ஓர் ஆளிடம் நாடாவின் மறுமுனையைக் கொடுத்து, "இதக் கொஞ்சம் புடிங்க" என்றேன். பிடித்தார். அங்கே போங்கள் என்றால் போனார், இழுங்கள் என்றால் இழுத்தார். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. வாகனத்தின் மூக்கில் படிவத்தை வைத்து அங்கேயே நிரப்பினேன். நீளம், அகலம், மண்ணின் தன்மை. தற்போதைய பாவனையாளர்கள் என்ற வரியில், 'இல்லை'.

அந்த ஒரு சொல்லால்தான் எங்களுக்குத் திட்டமே கிடைத்தது. ஆள் இருக்கிற காணிக்கு வேறு விதி, வேறு படிவம், மக்கள் கூட்டம், ஆட்சேபணை என்று இழுபடும். ஆள் இல்லாத காணியென்றால் நேரே சீமெந்து. சபைச் செயலாளர் என் படிவத்தைப் பார்த்து, "நல்ல சுத்தமான காணி" என்று பாராட்டினார்.

செயலாளர் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கெட்ட மனிதர் இல்லை. ஒரு தேநீருக்கும் யாரிடமும் கடமைப்படாதவர். ஆனால் கோப்பில் இல்லாத எதையும் அவர் நம்பியதில்லை. ஒரு தடவை அலுவலகக் கூரை ஒழுகி அவருடைய தலையிலேயே சொட்டியது. கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, "இதைப் பற்றி எழுத்தில் ஒன்றும் வரவில்லையே" என்றார். கடிதம் வாசிக்கும்போது வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து வரிவரியாக இறக்குவார். பிடிக்காத வரி வந்தால் அடிமட்டம் நிற்கும். மேசை லாச்சியைத் திறந்து தைலப் போத்தலை எடுத்து நெற்றியில் பூசுவார். தைல வாசம் வெளியே வந்தால், அந்தக் கடிதம் சரி வராது என்று வாசலில் இருக்கிற பியோனுக்குக்கூடத் தெரியும். அப்படிப்பட்ட கடிதங்களின் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி அனுப்புவார். பேசப் போனால் கூட்டத்தில் இருப்பார்.

கொழும்பிலிருந்து வரைபடம் வந்தது. 'சூரியோதயக் காட்சி முற்றம்' என்று பெயர். கம்பி வேலி, படலை, நிறக்கல் பதித்த தரை, ஆட்கள் இருக்கச் சாய்மானம் வைத்த நீளமான கொங்கிறீற்று வாங்குகள் இரண்டு வரிசை. எல்லா வாங்கும் கிழக்கே பார்த்தபடி. கரையோர நகரங்கள் அனைத்துக்கும் போட்ட பொதுவான வரைபடம் அது. கிழக்குக் கரையென்றால் தண்ணீர் கிழக்கேதானே இருக்கும் என்று குளிரூட்டிய அறையில் யாரோ தீர்மானித்திருக்கிறார். எங்கள் துறையடியில் தண்ணீர் மேற்கே. கிழக்கே இருப்பது பிரதான வீதி, அதற்கப்பால் அரிசி ஆலையின் மதில். வரைபடத்தின்படி கட்டினால், வருகிறவர்கள் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதிலிலுள்ள சீமெந்து விளம்பரத்தைப் பார்த்தபடி இருக்கவேண்டியதுதான்.

இதை எழுதிக் கொடுத்தேன். தைல வாசம் வந்தது. 'பேசவும்' வந்தது. மூன்றாம் தடவை போனபோது ஆள் அகப்பட்டார்.

"இது எழுவான்கரைதானே. சூரியன் எழும்புறதப் பாக்கட்டுமே" என்றார்.

"ஐயா, ஆறு பின்னால இருக்கு."

"வரைபடத்தைத் திருப்ப எண்டா கொழும்பு அனுமதி வேணும். அது வாறதுக்குள்ள வருஷம் முடிஞ்சி ஒதுக்கீடு திரும்பிப் போயிரும். ஆத்தையும் திருப்ப ஏலாது, வரைபடத்தையும் திருப்ப ஏலாது." அடிமட்டத்தைக் கீழே வைத்தார். "மனிசன்ட கழுத்தைத் திருப்பலாம்."

அப்படியே கட்டினோம். வாகை மரம் நின்ற இடத்தில் வரைபடம் 'மரம் நடுகை' என்று காட்டியது. ஆகவே மரத்தை வெட்டிவிட்டு, திறப்பு விழாவன்று பிரதம விருந்தினர் கையால் ஒரு கன்று நட்டோம். கன்றை அடுத்த கிழமை மாடு தின்றது. வாகையை வெட்டச் சொல்லிக் கையெழுத்து வைத்தது நான்தான். அந்த நிழல் இனி என் ஆயுசுக்கு வரப்போவதில்லை.

முற்றம் திறந்திருக்கும் நேரம் காலை எட்டரை முதல் பின்னேரம் நாலேகால் வரை. காவலாளி அரசாங்க ஊழியர், அவரும் கையெழுத்து வைக்கவேண்டுமே. உச்சி வெயிலில் கொங்கிறீற்று வாங்கில் இருந்தவர்கள் இருந்த வேகத்திலேயே எழும்பினார்கள். ஆட்கள் காலாற வருகிற காலையிலும் மாலையிலும் படலை பூட்டு. அந்த முற்றத்தை முழுமனதோடு பாவித்தது ஒரு கடுவன் நாய் மட்டும்தான்.

திறப்பு விழா முடிந்து நாலாம் நாள் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மீன் சட்டி. பெயர் பாக்கியம். புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் துறையடியில் விற்ற இறாலால் வளர்த்துக்கொண்டிருந்தவர். செயலாளர் கூட்டத்தில் இருந்தபடியால் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சேர், கேற்றப் பூட்டிப்போட்டாங்க. தோணி அங்கால நிக்கி, நாங்க இஞ்சால நிக்கிறம். நடுவுல கம்பி. என்ன ஞாயம் இது?"

"எட்டரைக்குத் திறப்பாங்க அம்மா."

"எட்டரைக்கு மீன் ரெண்டாம் தரமும் செத்திரும் சேர்."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதுச் சந்தைக் கொட்டில் இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் விற்கலாமே என்றேன். நடந்து போக அரை மணித்தியாலம், போய்ச் சேருமுன் இறால் கறுக்கும், ஐஸ் பெட்டி வியாபாரி சொல்கிற விலைக்குத்தான் கொடுக்கவேண்டும் என்றார். பிறகு என்னை நேரே பார்த்துக் கேட்டார்.

"ஆளே இல்லாத இடம் எண்டு எழுதிப்போட்டுத்தான் இந்த வேல நடந்தெண்டு சொல்றாங்க. ஆரு சேர் அப்பிடி எழுதின?"

"மேலிடத்தில" என்று கையை மேலே காட்டினேன். மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. பாக்கியம் அதை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

செயலாளர் வந்ததும் அவரிடம் கூட்டிப்போனேன்.

"இதுக்குக் கோப்பு இருக்கா?" என்றார் அவர்.

"இல்ல ஐயா. மீன்தான் இரிக்கி" என்றார் பாக்கியம்.

செயலாளர் பொறுமையாக விளக்கினார். விடியத் திறப்பதென்றால் காவலாளிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வேண்டும். அதற்கு ஒதுக்கீடு வேண்டும். ஒதுக்கீடு கேட்க, அந்த நேரத்தில் பாவனையாளர்கள் இருக்கிறார்கள் என்று காட்டவேண்டும். கோப்பின்படி பாவனையாளர்கள் இல்லை. இல்லாதவர்களுக்காக எப்படித் திறப்பது? பாக்கியம் சட்டியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார். தான் இல்லை என்பதை ஓர் ஆள் அவ்வளவு மரியாதையாகச் சொல்லிக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

அடுத்த கிழமை மனம் கேட்காமல் விடிய ஐந்து மணிக்குத் துறையடிக்குப் போனேன். பிறந்து வளர்ந்த ஊரின் துறையடியை அந்த நேரத்தில் நான் பார்த்தது அன்றுதான். எங்கள் வீட்டுக்கு மீன் வாங்குவது மனைவி. அந்தத் துறையின் இறாலை வருடக்கணக்காகத் தின்றுவிட்டு, துறையில் ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறேன். தோணிக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பி வேலிக்கு மேலாகக் கூடையை எட்டிக் கொடுக்க, பெண்கள் வேலிக்கு வெளியே ஓடுகிற வடிகான் ஓரத்தில் நின்று ஏந்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடை தவறி வடிகானில் கொட்டியது. யாரும் கத்தவில்லை. குந்தியிருந்து பொறுக்கினார்கள்.

அன்றே இன்னோர் அறிக்கை எழுதினேன். தோணிகள், விற்கிறவர்கள், வாங்க வருகிறவர்கள் என்று எண்ணி எழுதினேன். செயலாளர் அடிமட்டத்தை இறக்கிக்கொண்டே வந்தார். பரிசோதித்த நேரம் என்ற வரியில் அடிமட்டம் நின்றது.

"காலை அஞ்சு மணி எண்டு போட்டிருக்கிறீர்."

"ஓம் ஐயா."

"நீர் கையெழுத்து வெச்சது எட்டரைக்கு. அஞ்சு மணிக்கு நீர் கடமையில இல்ல. கடமையில இல்லாத ஆள் பாத்ததைப் பாத்ததாக நான் எப்பிடி எடுக்கிறது?"

லாச்சி திறந்தது. தைலம் வந்தது. நான் எழும்பி வந்துவிட்டேன். மாதங்கள் போயின. துறையடிப் பெண்களில் ஒருத்தி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இன்னொருத்தி விற்பதையே விட்டுவிட்டாள். பாக்கியம் மட்டும் வடிகான் ஓரத்தை விடவில்லை.

காப்பாற்றியது கொழும்பு வைத்த மடத்தனமான பெயர்தான். கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மதிப்பீட்டுக் குழு வருகிறதாம். சூரியோதயக் காட்சி முற்றத்தைப் பார்ப்பதால், சூரிய உதயத்திலேயே வருகிறார்களாம். பொதுமக்கள் பாவிப்பதை நேரில் பார்த்துப் படம் எடுப்பார்களாம். பாவனை இல்லாவிட்டால் இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கீடு இல்லையாம்.

செயலாளர் அன்றைக்குத்தான் கையில் கோப்பில்லாமல் என் மேசைக்கு நடந்து வந்தார்.

"தம்பி, எங்களுக்குப் பாவனையாளர் வேணும்" என்றார். தைலம் நெற்றியிலிருந்து மூக்குவரைக்கும் வந்திருந்தது.

அலுவலக ஊழியர்களைக் கேட்டோம். விடிய ஆறு மணிக்கா என்று சிரித்தார்கள். ஊரில் அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு வரக்கூடியவர்கள், கோப்பில் இல்லாத அந்தப் பெண்கள் மட்டும்தான். பாக்கியத்திடம் தூது போனது நான்.

"ஒரு நாளைக்கு வந்து குந்தியிரிந்து படம் புடிச்சிட்டுப் போற எண்டா ஏலாது சேர்" என்றார் அவர். "வாற எண்டா தோணியோட, மீனோட வாறம். அண்டைக்குத் திறந்தா மறுகா ஒவ்வொரு நாளும் திறக்கணும். பெரிய ஐயாவ எழுதித் தரச் சொல்லுங்க. கோப்பு இல்லாம அவர் ஒண்டையும் நம்பமாட்டார்தானே? நானும் நம்பமாட்டன்."

செயலாளர் எழுதினார். பொதுமக்களின் தொடர்ச்சியான பாவனையைக் கருத்திற்கொண்டு, படலை தினமும் காலை நாலரைக்குத் திறக்கப்படும். கையெழுத்து, கீழே திகதி, முத்திரை. பாக்கியம் முத்திரை காயும்வரை ஊதிவிட்டு, மடித்து, காசு வைக்கிற கொட்டப்பெட்டிக்குள் வைத்தார்.

குழுவில் மூன்று பேர். தலைவி கொழும்பிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. மூவரையும் முன்வரிசை வாங்கில் இருத்தினோம். கமெராவைக் கிழக்கே பார்த்து வைத்தார்கள். கிழக்கே மதில். சூரியன் எழும்பித்தான் இருந்தது, ஆனால் மதிலுக்கு மேலே ஏறி வர இன்னும் நேரம் இருந்தது. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. ஆலை ஊதியது. உமிச் சாம்பல் வந்து தலைவியின் மடியில் விழுந்தது. செயலாளர் ஏதோ ஒரு சுற்றுநிருபத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னால் தண்ணீரில் கோல் ஊன்றுகிற சத்தமும், பெண்கள் விலை பேசுகிற சத்தமும் கேட்டன.

"அம்மா" என்று பாக்கியம் கூப்பிட்டார். "கிறுகிப் பாருங்க. ஆறு இஞ்சால கெடக்கு."

மூன்று கழுத்தும் திரும்பின. செயலாளர் சொன்னது சரிதான், மனிதன் கழுத்து திரும்பும். தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைந்துகொண்டிருந்தன. படுவான்கரைப் பக்கமெல்லாம் வெளிச்சம் பட்டு மஞ்சளாகக் கிடந்தது. பெண்கள் பின்வரிசை வாங்குகளில் மீனைப் பரப்பிவிட்டுச் சாய்மானத்துக்குப் பின்னால் நின்றார்கள். வாங்குகள் வீதியைப் பார்த்துக் கிடந்ததால், வீதியால் வருகிற சனத்துக்கு மீன் நேரே தெரிந்தது. வரைபடம் போட்டவர் மீன் கடைக்கென்றே யோசித்துப் போட்டதுபோல இருந்தது. தலைவி எழும்பிப் போய் இறாலுக்கு விலை கேட்டார். பிறகு சாரதியைக் கூப்பிட்டு ஐஸ் பெட்டி எடுத்துவரச் சொன்னார்.

அறிக்கையில், சமூகம் ஒரு பொது இடத்தைத் தனதாக்கிக்கொண்டதற்கு இது முன்மாதிரி என்று எழுதினார்கள். செயலாளர் அதைச் சட்டம் போட்டு அறையில் மாட்டினார். ஆளில்லாத இடத்துக்கு மக்களை வரவழைத்த விதத்தைப் பற்றி இரண்டு மாநாடுகளில் பேசினார். படலை இன்றைக்கும் நாலரைக்குத் திறக்கிறது. என் 'இல்லை'யை மட்டும் யாரும் திருத்தவில்லை. வெற்றி பெற்ற திட்டத்தின் படிவத்தைத் திருத்துவது முறையில்லையாம்.

புது உத்தியோகத்தர் கேட்ட வரிக்குப் பதில் சொல்லுமுன், அடுத்த நாள் விடியத் துறையடிக்குப் போனேன். பாக்கியத்துக்கு இப்போது தலை முழுக்க நரை. மகள் ஆசிரியை. ஆனாலும் வாங்கை விடவில்லை. இறால் கோது உடைத்துக்கொண்டிருந்தார். புதுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு, இவ்வளவு காலமும் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன்.

"பாக்கியக்கா, ஆளில்ல எண்டு ஆரு எழுதின எண்டு அண்டைக்குக் கேட்டீங்களே. அத எழுதின நான்தான்."

அவர் தலை நிமிரவில்லை. "தெரியும் சேர்."

"எப்பிடி?"

"நாடாட மத்தப் பக்கத்த நான்தானே புடிச்ச."

அந்தப் பதினொரு மணியை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாடா நினைவிருக்கிறது, அளவு நினைவிருக்கிறது. மறுமுனையைப் பிடித்த முகம் ஒரு தடவையும் நினைவுக்கு வந்ததில்லை.

"நீங்க எழுதக்குள்ளயும் பக்கத்திலதான் நிண்ட. எனக்கு வாசிக்கத் தெரியும் சேர்."

"அப்ப ஏன் என்னட்டக் கேட்டீங்க?"

"நீங்க சொல்றீங்களா எண்டு பாத்தன். நீங்க ஃபேனக் காட்டின."

நான் தொலைபேசியை எடுத்தேன். ஆட்கள் இருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிட நினைத்தேன். என்ன பேர் என்று கேட்பாளே என்று யோசித்தபோதுதான், பாக்கியத்தின் முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. கேட்டேன்.

பாக்கியம் கையைக் கழுவித் துடைத்தார்.

"போன்ல சொல்லி எழுதுற வேல வேணாம் சேர். அந்தப் புள்ளய நாளைக்கு விடிய அஞ்சு மணிக்கு வரச் சொல்லுங்க. இஞ்ச நிக்கிற எல்லாரும் எங்கட பேர நாங்களே சொல்லுவம். நாடாவையும் கொண்டரட்டும். ஒரு பக்கத்த நான் புடிக்கிறன்." இறாலை நிறுத்து என் பைக்குள் போட்டார். "மத்தப் பக்கத்த நீங்க புடிங்க."

அடுத்த நாள் நாலேமுக்காலுக்கே போய் நின்றேன்.